இடது உதட்டின் சைகை

வட்டக் கண்ணாடியை இரண்டு கையாலும் எடுத்து, முகம் தெரியும் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, ஃப்ராங்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அறைக்குள் வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அதுதான். அதற்குப் பிறகு தீஹானா என்ன சொன்னாலும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வாள். ஒன்றையும் செய்யமாட்டாள்.

ஃப்ராங்காவுக்குப் பத்து வயது. குளிர்காலத்தில் அவளுக்கு ஜுரமும் காதுவலியும் வந்தன. ஜுரம் விட்ட பிறகு ஒருநாள் காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. முகத்தின் இடது பாதி அசைய மறுத்தது. டாக்டர்கள் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பு மெல்ல உயிர் பெற்று வருகிறது, இனிமேல் பயிற்சிதான் என்று சொல்லி, ஸ்ப்ளிட் துறைமுகத்துக்கு மேலே குன்றில் இருந்த குழந்தைகள் சிகிச்சை மையத்துக்கு அனுப்பினார்கள்.

பேச்சுக்கும் முகத் தசைகளுக்கும் பயிற்சி கொடுப்பது தீஹானாவின் வேலை. அவள் ஸ்லவோனியாவின் சமவெளியிலிருந்து இலையுதிர் காலத்தில்தான் இந்த ஊருக்கு வந்திருந்தாள். அவள் நிதானமாக, இழுத்து இழுத்துப் பேசுவதைக் கேட்டுக் கடற்கரைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவளும் விட்டுவிடுவாள். ஆனால் ஃப்ராங்கா விஷயத்தில் மட்டும் அவளுக்கு உள்ளூர உறுத்தல் இருந்தது. சோப்புக் குமிழி ஊதச் சொன்னாள். குழலால் பஞ்சு உருண்டையை ஊதித் தள்ளும் பந்தயம் வைத்தாள். இறகு, விசில், பலூன் எல்லாம் வந்து போயின.

"அத்தை, இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு. நான் நாலாவது படிக்கிறேன்" என்றாள் ஃப்ராங்கா. கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

அவளை அழைத்து வருபவர் அப்பா டிங்கோ. தீவுகளுக்குப் போகிற படகுகளில் இயந்திரம் பார்க்கிறவர், ஆள் கப்பல் பீப்பாய் மாதிரி இருப்பார். வராந்தாவில் குழந்தைகளுக்காகப் போட்டிருந்த குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்திருப்பார். கதவு திறந்ததும், "இன்னைக்காவது ஏதாச்சும் செஞ்சாளா மேடம்?" என்று கேட்பார். தீஹானா, "வந்துடும், பொறுமையா இருங்க" என்பாள். அந்தப் பதில் அவளுக்கே சலித்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை தெற்குக் காற்று அடித்துப் படகுகள் நின்றுபோயின. தெற்குக் காற்று அடித்தால் இந்த ஊரில் தலைவலியிலிருந்து விவாகரத்துவரை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். வேலையில்லாத டிங்கோ வராந்தாவில் இன்னொரு பையனின் தகப்பனோடு பிரிஷ்கூலா ஆடிக்கொண்டிருந்தார். கிண்ணம், காசு, வாள், கழி என்று நான்கு வகைப் படம் போட்ட சீட்டு. அதில் ஏஸ்தான் பெரியது, அதற்கடுத்து மூன்று. பாதிப் பேர் சட்டைப்பையிலேயே ஒரு கட்டு வைத்திருப்பார்கள்.

பயிற்சி என்ற பெயரில் ஒன்றும் நடக்காத நேரம் முடிந்து ஃப்ராங்கா வெளியே வந்தாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று சீட்டைப் பார்த்தாள்.

"மூணை ஏம்ப்பா இப்பவே எறக்குற? துருப்புல ஏஸ் இன்னும் வெளிய வரலயே. அவர் கையிலதான் இருக்கு. வாங்கிக் கட்டிக்கப் போற."

எதிரில் இருந்தவர் ஏஸைப் போட்டு மூன்றைத் தூக்கிக்கொண்டு போனார். டிங்கோ வாயைத் திறந்தபடி மகளைத் திரும்பிப் பார்த்தார். தீஹானாவும் கதவருகே நின்றுவிட்டாள். இத்தனை வியாழக்கிழமைகளில் அந்தப் பெண் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் ஃப்ராங்கா துணியை மறுபடி மூக்குவரை இழுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போய்விட்டாள்.

"சீட்டு நல்லா ஆடுவாளா?" என்று கேட்டாள் தீஹானா.

"ஆடுவாளாவா? ஞாயித்துக்கிழமை ஆனா நானும் அவளும் ஒரு கட்சி. அவ அம்மாவும் மாமா யாக்கோவும் எதிர்க்கட்சி. எங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது." டிங்கோ குரலைத் தாழ்த்தினார். "இந்த முகம் இப்படி ஆனதுக்கப்புறம் ஒரே ஒரு ஞாயிறு ஆடினோம். ஏஸ் இருக்குன்னு அவ சைகை காட்டினா. ஒரு பக்கம் அசையலயா, எனக்கு அது மூணு மாதிரி தெரிஞ்சுது. தப்பான சீட்டைப் போட்டு ஆட்டம் போச்சு. மாமன் என்னைப் பாத்துத்தான் சிரிச்சான். அவ சீட்டைக் கவுத்து வச்சுட்டு எழுந்து போனவதான். அதுக்கப்புறம் தொடவே இல்ல. பெத்த பொண்ணு முகத்தை நானே தப்பாப் படிச்சுட்டேன் மேடம்."

"சைகைன்னா என்ன?"

டிங்கோ அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்க பக்கம் இதுகூடக் கிடையாதா? கூட்டாளிக்குக் கையில என்ன இருக்குன்னு முகத்தாலயே சொல்லணும். எதிராளி பாக்கக் கூடாது. ஆட்டத்துல அது சட்டம்தான், திருட்டு இல்ல." இருபக்கமும் பார்த்துவிட்டுச் செய்து காட்டினார். ஏஸுக்கு உதட்டைக் குவித்தார். மூன்றுக்கு வாயின் இடது ஓரத்தை இழுத்தார். ராஜாவுக்குப் புருவத்தைத் தூக்கினார். குதிரைவீரனுக்குக் கன்னத்தை உப்பினார். "வீட்டுக்கு வீடு மாறும். இது எங்க வீட்டுச் சைகை."

ஏஸை இரண்டாவது தடவை செய்து காட்டும்போது மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ், அந்தப் பெரிய மனிதர் தீஹானாவை நோக்கி உதட்டைக் குவிப்பதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

தீஹானா அதைக் கவனிக்கவில்லை. உதடு, வாயோரம், புருவம், கன்னம். அவள் ஃப்ராங்காவிடம் இத்தனை நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்த பயிற்சிகள் இவைதான். உயிர் பெறுகிற நரம்பை முரட்டுத்தனமாக வேலை வாங்கக் கூடாது. வாயை அசைத்தால் கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்கிற கெட்ட பழக்கம் அதனால்தான் வரும். சின்னதாக, மெதுவாக, கட்டுப்பாட்டோடு அசைக்க வேண்டும். எந்தக் குழந்தை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அப்படிச் செய்யும்? ஆனால் எதிராளி கண்ணில் படக்கூடாது என்றால் சைகை தானாகவே சின்னதாகிவிடும்.

அடுத்த வியாழக்கிழமை மேசைமேல் ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. ஃப்ராங்கா கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தாள். அதில் ஓக் மரத்துக் காய் வரைந்திருந்தது.

"இது எந்த ஊர்ச் சீட்டு?"

"எங்க ஊர்ச் சீட்டு. ஊர்லேர்ந்து வரும்போது எடுத்துட்டு வந்தேன். இதுல பிரிஷ்கூலா ஆடலாம்ல?"

"இதுல பிரிஷ்கூலா ஆடினா மீனெல்லாம் கரைக்கு வந்து சிரிக்கும்." ஃப்ராங்கா எழுந்து போய் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து கட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். "உக்காருங்க, சொல்லித் தரேன். உங்களால ஒரு நாள்ல கத்துக்க முடியாது. முயற்சி பண்ணுங்க."

முடியத்தான் இல்லை. எல்லாப் பிடியும் ஃப்ராங்கா பக்கமே போய்க்கொண்டிருந்தது. மூன்று ஏன் ராஜாவைவிடப் பெரியது என்பது தீஹானாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "அது அப்படித்தான்" என்றாள் ஃப்ராங்கா. அவள் சொன்ன தோரணைக்கு முன்னால் பள்ளிக்கூட டீச்சர் தோற்றாள்.

"சைகை எதுவும் காட்டலயே நீ" என்றாள் தீஹானா, சீட்டைப் பார்த்துக்கொண்டே.

ஃப்ராங்கா கலைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "ரெண்டு பேர் ஆடினா யாருக்குக் காட்டுறது? அதுக்கு நாலு பேர் வேணும்."

அப்போது கதவு திறந்தது. "என் நேரம் ஆயிடுச்சா?" என்று ஒரு தலை எட்டிப் பார்த்தது. டூயேவின் தலை. அவனுக்கு எட்டு வயது. ஃப்ராங்காவுக்கு அடுத்து அவன் முறை. காத்திருக்கும் அரை மணியில் கதவை நாலைந்து தடவையாவது திறந்து பார்ப்பான். ஓர் இடத்தில் உட்காரமாட்டான், முறை வரும்வரை பொறுக்கமாட்டான், மனதில் தோன்றியது அடுத்த நொடி வாயில் வந்துவிடும். வகுப்பில் டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லி, அதுவும் தப்பான பதில் சொல்லி, தினமும் வெளியே நிற்பவன்.

"இன்னும் இல்ல. ஆனா உள்ள வா" என்றாள் தீஹானா. "உங்கப்பாவையும் கூப்பிடலாமா ஃப்ராங்கா? நாலு பேர் ஆயிடும்."

ஃப்ராங்கா கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "அவன் சிரிச்சா நான் எழுந்து போயிடுவேன்."

டூயே சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "உன் மூஞ்சி ஏன் ஒரு பக்கம் தூங்குது?"

டிங்கோ கதவருகே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நரம்புக்கு உடம்பு சரியில்ல" என்றாள் ஃப்ராங்கா.

"முழிச்சுக்குமா?"

"தெரியாது."

"சரி. யாரு சீட்டு போடறது?"

அன்றைக்கு ஆரம்பித்த ஆட்டம் அது. அப்பாவும் மகளும் எதிரெதிரே ஒரு கட்சி, தீஹானாவும் டூயேவும் இன்னொரு கட்சி. டூயேவின் அம்மாவிடம் கேட்டபோது, "அவனை உக்கார வச்சீங்கன்னா சீட்டு என்ன, என்ன வேணும்னாலும் ஆடுங்க" என்றுவிட்டாள்.

முதல் சில வாரம் தீஹானா கட்சி படாதபாடு பட்டது. சீட்டு கைக்கு வந்ததும் டூயே, "எனக்கு ஏஸ் வந்திருக்கு, அதுவும் துருப்பு" என்று அறிவித்துவிடுவான். "எதிரிக்கு உதவி செய்யறதுக்கு ரொம்ப நன்றி தம்பி" என்பார் டிங்கோ. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வான். அதற்காகச் சீட்டை மேசைமேல் போடுவான், படம் மேலே தெரிய.

தீஹானா அவனுக்கு ஒரு வேலை கொடுத்தாள். "நீ பேசறதுல நமக்கு லாபமில்ல. உன் கண்ணுதான் நமக்கு வேணும். அவங்க ரெண்டு பேரும் முகத்துல ஏதோ காட்டிக்கறாங்க. நீ பிடி பாக்கலாம்."

அதன் பிறகு டூயே தாடையை மேசை விளிம்பில் வைத்து, பூனை எலிவளையைப் பார்ப்பதுபோல ஃப்ராங்காவைப் பார்க்க ஆரம்பித்தான். நாற்காலி ஆடுவது நின்றது. கால் உதைப்பது நின்றது. இதற்கு நேர்மாறாக, யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்று குளிர்காலம் முழுக்கத் துணிக்குள் ஒளிந்திருந்தவள், ஒருவன் தன் முகத்தை இமைக்காமல் பார்ப்பதைப் பொறுத்துக்கொண்டாள். அவன் பார்வையில் பரிதாபம் இல்லை. ஜெயிக்க வேண்டும் என்ற வெறிதான் இருந்தது. துணி மூக்கிலிருந்து தாடைக்கு இறங்கியது, தாடையிலிருந்து கழுத்துக்கு. துணிக்குள்ளிருந்து சைகை காட்டினால் அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

ஆனாலும் டிங்கோவுக்குப் படிக்க வரவில்லை. உதடு பாதிதான் குவியும். அது ஏஸா, வெறும் பெருமூச்சா என்று தெரியாமல் விழிப்பார். மூன்றுக்கு இடது ஓரத்தை இழுக்க வேண்டும், அந்த ஓரம்தான் செத்துக் கிடந்தது. அதனால் மூன்று வந்தாலும் அவளால் சொல்ல வழியில்லை. தொடர்ந்து தோற்றார்கள்.

"மகளே, பேசாம விரலால காட்டு. ஒரு விரல்னா ஏஸ், ரெண்டு விரல்னா மூணு" என்றார் டிங்கோ ஒருநாள்.

தீஹானா சீட்டைக் கீழே வைத்தாள். சைகை முகத்திலிருந்து கைக்குப் போய்விட்டால் பயிற்சி எல்லாம் போயிற்று. ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் ஃப்ராங்கா சொன்னாள்: "விரல்ல காட்டறது களவாணித்தனம். யாக்கோவ் மாமாகூடச் செய்யமாட்டார்." பிறகு கையை நீட்டினாள். "அத்தை, அந்தக் கண்ணாடியை எடுங்க. நான் காட்டுறது எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்."

தீஹானா பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகள் சைகைப் பழக்கம் செய்வதாக டிங்கோ வந்து சொன்னார். "யாரும் உள்ள வரக்கூடாதாம். பல் தேய்க்க நான் சமையலறைக்குப் போறேன்."

பாதாம் மரங்கள் பூத்து உதிர்ந்து, துறைமுகத்தில் வெளியூர்ப் படகுகள் வர ஆரம்பித்திருந்தன. ஒரு வியாழக்கிழமை ஆட்டம் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. வாள் துருப்பு. நடுவே இருந்த சீட்டுக்கட்டு குறைந்துகொண்டே வந்தது. டிங்கோ எதைப் போடுவது என்று கையிலிருந்த சீட்டை முறைத்துக்கொண்டிருந்தார். தீஹானா மிச்சமிருக்கும் துருப்பை மனதில் கூட்டிப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"மூணு!" டூயே நாற்காலியில் ஏறி நின்றுவிட்டான். "அவகிட்ட துருப்பு மூணு இருக்கு. நான் பாத்தேன். இழுத்தா, இந்தப் பக்கம் இழுத்தா!"

"பொய் சொல்றான்" என்றாள் ஃப்ராங்கா. காது சிவந்துவிட்டது.

"பொய் இல்ல. இவ்வளவூண்டு. எலி மூக்கு ஆட்டற மாதிரி."

டிங்கோ தலையைத் தூக்கினார். "எந்தப் பக்கம்டா?"

டூயே மேசைக்கு மேலே சாய்ந்து ஃப்ராங்காவின் வாயின் இடது ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினான். "இங்க."

ஃப்ராங்கா அப்பாவைப் பார்த்தாள். "நீ பாத்தியாப்பா?"

"நான் சீட்டைப் பாத்துட்டிருந்தேன் மகளே."

"எத்தனை நாளா பழகி உனக்காகக் காட்டறேன், நீ சீட்டைப் பாக்கற. அவன் பாக்கறான்."

"இன்னொரு தடவை காட்டு" என்றார் டிங்கோ.

"இப்ப எதுக்கு? ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

தீஹானா நாற்காலியை அவளுக்கு நேராக நகர்த்தினாள். "ஆட்டத்துக்கு இல்ல. எனக்காக."

ஃப்ராங்கா சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணை மூடவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. இடது வாயோரம் நூலால் சுண்டியதுபோல ஒருமுறை மேலே போய் இறங்கியது. கண் அப்படியே இருந்தது, கூடச் சேர்ந்து சுருங்கவில்லை. தீஹானா பார்க்க ஆசைப்பட்டதும் அதைத்தான். அவளுக்கு அந்தச் சிறுமியைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. "ம், சரியா இருக்கு" என்று மட்டும் இழுத்துச் சொன்னாள்.

டிங்கோ எழுந்தார். "காத்து அடிக்குது. வராந்தா ஜன்னலைச் சாத்திட்டு வரேன்." வெளியே இலைகூட அசையவில்லை.

"ஆட்டம் முடியலயே, எங்க போறார்?" என்றான் டூயே.

"வந்துடுவார். நீ உக்காரு."

அவர் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்ததும் ஆட்டம் தொடர்ந்தது. ஃப்ராங்காவிடம் மூன்று இருப்பது தெரிந்துவிட்டதால், டூயே தன் துருப்பு ஏஸைப் பத்திரமாக வைத்திருந்து, அவள் வேறு வழியில்லாமல் மூன்றை இறக்கியதும் அதன் தலையில் போட்டான். ஃப்ராங்காவுக்கு வந்த கோபத்தில் இரண்டு புருவமும் ஒன்றாக நெரிந்தன. இடதும் சேர்ந்து. அதைப் பார்த்துத் தீஹானாவின் முகம் மலர்ந்தது. ஜெயித்ததற்குச் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்து ஃப்ராங்கா அவளையும் முறைத்தாள்.

கோடை வந்தபோது பிரச்சினை தலைகீழாகிவிட்டது. ஃப்ராங்காவின் சைகைகள் பளிச்சென்று தெரிந்தன, டூயே ஒன்றுவிடாமல் பிடித்தான். அதனால் அவள் இன்னும் சின்னதாக, இன்னும் வேகமாகக் காட்டப் பழகினாள். பிறகு பொய்ச் சைகை காட்டவும் கற்றுக்கொண்டாள். ராஜா இல்லாதபோது புருவத்தைத் தூக்கி டூயேவை ஏமாற்றுவாள். களைத்துப்போன நாட்களில் மட்டும் இடது கண் கொஞ்சம் சிறுத்துத் தெரியும். அதையும் ஒரு சைகை என்று நினைத்து டூயே குழம்புவான். டாக்டர் வந்து பார்த்தார். சிரிக்கச் சொன்னார், விசிலடிக்கச் சொன்னார், இனி ஃப்ராங்கா வரவேண்டிய அவசியமில்லை என்றார்.

"அப்ப வியாழக்கிழமை?" என்று கேட்டாள் ஃப்ராங்கா, ஏதோ தண்டனை கொடுத்துவிட்டதைப் போல.

"டூயேவுக்கு இன்னும் இருக்கு" என்றாள் தீஹானா. "நீ விருந்தாளியா வரலாம்."

அவள் வந்தாள். கடலில் குளித்த ஈரத் தலையோடு, உப்புக் காய்ந்த கையோடு, டிங்கோவையும் இழுத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் ஒரு நிபந்தனை வைத்தாள். "இன்னைக்குக் கட்சி மாத்தறோம். நானும் டூயேவும் ஒண்ணு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு."

"இந்தச் சமவெளிக்காரியை என் தலையில கட்டறியா?" என்றார் டிங்கோ.

"உங்களைத்தான் என் தலையில கட்டறா. உங்க கண்ணு சீட்டை விட்டு நகரவே நகராது" என்றாள் தீஹானா.

ஆட்டம் ஆரம்பித்தது. டூயேவின் சைகைகள் பாய்மரம் அளவுக்குப் பெரிதாக இருந்தன. உதட்டை ஏஸுக்குக் குவித்தால் மூக்கையே தொட்டது. டிங்கோ மேசைக்கு அடியில் தீஹானாவின் காலைத் தட்டி, பார்த்தாயா என்று கண்ணைக் காட்டினார். அவளும் பார்த்திருந்தாள். பையனிடம் ஏஸ் இருக்கிறது, பெரிய சீட்டை இறக்கக் கூடாது. இருவரும் பதுங்கிப் பதுங்கி ஆடினார்கள். பிறகு டூயே கன்னத்தை உப்பினான். இப்போது அவன் கையில் துருப்பு இல்லை, வெறும் குதிரைவீரன்தான் என்று நம்பி டிங்கோ தன் மூன்றைத் தைரியமாகப் போட்டார். டூயே அதன்மேல் துருப்பு ராஜாவை வைத்தான்.

"குதிரை எங்கடா?" என்றார் டிங்கோ.

டூயே உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். முகம் செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது, கால் மட்டும் மேசைக்கு அடியில் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அவன் இதுவரை காட்டிய ஒரு சைகைகூட உண்மையில்லை என்பது அப்போதுதான் தீஹானாவுக்கு உறைத்தது. அவர்கள் இருவருக்கு மட்டுமான புதுச் சைகைகளை ஃப்ராங்கா போன வாரமே சொல்லிக் கொடுத்து, வாரம் முழுக்க யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தாள். டூயே வைத்திருந்தான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

பிடித்த சீட்டுகளின் புள்ளிகளை எண்ணிப் பார்த்தார்கள். பெரியவர்கள் கட்சி பாதியைக்கூட எட்டவில்லை.

"இப்ப பேசலாமா?" என்று டூயே ஃப்ராங்காவைக் கேட்டான்.

"இன்னொரு ஆட்டம் ஆடிட்டுப் பேசு" என்று சொல்லி அவள் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தாள்.